எங்கள் வீட்டில் ஒருவர் சாப்பிடவில்லை

செப்டெம்பர் 6, சனி

இன்று வீட்டுக்குப் பாம்பு வந்தது. றொம்ஃபோர்டிலிருந்து எலிசபெத் லைன் ரயிலில், என் கணவர் எட்வேட்டின் மடியில், மூடியில் துளை போட்ட ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் அமர்ந்து வந்தது. மனோர் பார்க்கில் இறங்கும்போது ஒரு பெண் கேக்கா என்று கேட்டாளாம். இவர் ஓம் என்று சொல்லியிருக்கிறார். முதல் நாளே பொய்.

குற்றம் என்னுடையது. ஜூன் மாதம் எட்வேட் இருபத்தெட்டு வருட லண்டன் பஸ் ஓட்டத்தை முடித்து ஓய்வுக்கு வந்தார். ஜூலையில், வீட்டில் ஏதாவது ஒரு பிராணி வளர்த்தால் என்ன என்று கேட்டார். தாராளமாக வளர்க்கலாம் என்றேன், சில நிபந்தனைகளோடு. எனக்கு ஆஸ்மா, ஆகவே உரோமம் கூடாது. சத்தம் போடக்கூடாது. மணக்கக்கூடாது. அவருடைய முழங்கால் இருக்கிற நிலையில் நடக்கக் கூட்டிப்போகத் தேவைப்படக்கூடாது. ரொறொன்ரோவில் மகளிடம் போனால் ஒரு கிழமை பட்டினி கிடந்தாலும் குறை சொல்லக்கூடாது. இத்தனைக்கும் பொருந்தும் பிராணியைக் கடவுள் படைக்கவில்லை என்ற நம்பிக்கையில்தான் சொன்னேன். அவர் இரண்டு மாதம் எடுத்துத் தேடியிருக்கிறார்.

பஸ் டிப்போவில் கட்டுப்பாட்டு அறையில் வேலை செய்யும் மரினா என்ற பெண் வீட்டில் பாம்பு வளர்த்துக் குஞ்சு பொரிக்க வைப்பவள். அவள் கொடுத்தது. கோர்ன் ஸ்னேக் என்று இனம். விஷம் இல்லை. வளர்ந்தால் ஒன்றரை மீட்டர். இப்போது சப்பாத்துக் கயிறு அளவு, செம்மஞ்சள் உடம்பில் சிவப்புத் திட்டுகள். அழகு என்று எழுத மாட்டேன்.

செப்டெம்பர் 7, ஞாயிறு

அவர் முன்கூட்டியே நாலடிக் கண்ணாடித் தொட்டி ஒன்று வாங்கி, நண்பர் வீட்டில் ஒளித்து வைத்திருந்தார். இன்று அது முன் அறையில், ரி.வி.க்குப் பக்கத்தில் ஏறிவிட்டது. ஏன் அங்கே என்று கேட்டேன். “வந்த ஆளை முன் அறையிலை இருத்தாமல் பின்னே எங்கை இருத்திறது?” என்றார்.

அதற்கு நேர் மேலே சுவர்த் தட்டில் என் மாதா சுரூபம். மாதாவின் காலடியில் வழக்கமான அந்தப் பாம்பு, நசுங்கியபடி. கீழே எட்வேட்டின் பாம்பு, நசுங்காதபடி. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன.

செப்டெம்பர் 13, சனி

ஒரு கிழமை தொடாதே என்று மரினா சொன்னதைக் கடைப்பிடித்தார். தொடவில்லை. காலை ஏழிலிருந்து மாலை ஆறு வரை கண்ணாடிக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்தார், அவ்வளவுதான்.

இன்று முதல் சாப்பாடு. ஃபிறீசரில் முருங்கையிலைக்கும் பாரைத் துண்டுகளுக்கும் நடுவில் ஒரு ஐஸ்கிறீம் டப்பா. அதற்குள் கண் திறக்காத எலிக்குஞ்சுகள், விரல் நுனி அளவு, இளஞ்சிவப்பு நிறம். டப்பாவின் மேல் “திறக்க வேண்டாம்” என்று பெரிதாக எழுதி ஒட்டினேன். எங்கள் வீட்டுக்கு வருபவர்களை எனக்குத் தெரியும். ஆகவே கீழே “மருந்து” என்றும் எழுதினேன்.

ஒரு குஞ்சைச் சுடுநீரில் இளக்கி, இடுக்கியால் பிடித்து அதன் முகத்துக்கு நேரே ஆட்டினார். பாம்பு பின்வாங்கியது. இவர் முன்னேறினார். இருபது நிமிடம் இப்படி. கல்யாண வீட்டில் போதும் போதும் என்று இலையை மறைப்பவரை விடாமல் துரத்திப் பரிமாறுகிற ஆள் இவர், அதே உற்சாகம்.

சாப்பிடவில்லை.

செப்டெம்பர் 14, ஞாயிறு

தேவாலயத்தில் பூசை முடிந்து நான்கு குடும்பங்கள் பார்க்க வந்தன. எல்லோரும் கண்ணாடியில் தட்டினார்கள். எல்லோரும் ஒரே கேள்வி: “சாப்பிட்டதோ?” இல்லை என்றால் முகத்தில் துக்கம். ஒருத்தி, நல்ல உறைப்பாக ஏதாவது கொடுத்துப் பார்க்கச் சொன்னாள்.

மகள் துசியந்தி ரொறொன்ரோவிலிருந்து தொலைபேசி எடுத்தாள். பாம்பைப் பற்றி ஆங்கிலத்தில் நிறையச் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “அம்மா, அப்பா இன்னும் அந்த ஜன்னல் கதிரையிலைதானே?” என்று கேட்டாள். இல்லை, கதிரையைத் தொட்டிக்கு முன்னால் இழுத்துவிட்டார் என்றேன்.

“அப்ப பாம்பை விட்டிடாதேங்கோ,” என்றாள்.

செப்டெம்பர் 18, வியாழன்

சாப்பிடவில்லை.

நூலகத்தில் பாம்பு வளர்ப்பு பற்றி ஒரே ஒரு புத்தகம். அங்கே வேலை செய்வதில் உள்ள ஒரே சலுகை, யாரும் பார்க்காமல் எடுத்து வரலாம். கடைசியாக 2011இல் யாரோ இரவல் பெற்றிருக்கிறார்கள். பதினேழாம் பக்கத்தில் தேநீர்க் கறை.

செப்டெம்பர் 20, சனி

சுப்பிரமணியன் வந்தார். ஃபாரஸ்ட் கேட்டில் இருப்பவர். எட்வேட்டோடு பதினாறு வருடம் ஒரே வழியில் பஸ் ஓட்டியவர். தொட்டியை ஒளித்து வைத்திருந்த நண்பர் இவர்தான் என்பது இன்று தெரியவந்தது.

முன் அறை வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். எங்கள் வீட்டில் எல்லோரும் வெளிக்கதவடியிலேயே கழற்றுவார்கள். இவர் இத்தனை வருடமாகக் கழற்றியதில்லை. தொட்டிக்கு முன்னால் கைகட்டி நின்றார். பையிலிருந்து ஒரு பைன்ற் போத்தல் பாலும் இரண்டு முட்டையும் எடுத்து வைத்தார்.

பாம்பு பால் குடிக்காது, புத்தகத்தில் தெளிவாக இருக்கிறது என்றேன்.

“அது புத்தகத்துப் பாம்பு, தங்கச்சி.”

எட்வேட்டுக்கு அவரைப் புண்படுத்த மனமில்லை. ஒரு சின்னக் கிண்ணத்தில் பாலை ஊற்றி உள்ளே வைத்தார். சுப்பிரமணியன் போனபின் எடுத்தார். பாம்பு அந்தப் பக்கமே பார்க்கவில்லை. முட்டையை நான் இரவுக்குப் பொரித்தேன்.

இந்துக்கள் வந்தால் கும்பிடுகிறார்கள். எங்கள் ஆட்கள் வந்தால் நெற்றியில் சிலுவை போடுகிறார்கள். அது இரண்டு பகுதியினரிடமும் ஒரே மாதிரி நடந்துகொள்கிறது. இந்தப் பகுதியில் அப்படி நடக்கிற வேறு யாரையும் எனக்குத் தெரியாது.

செப்டெம்பர் 27, சனி

மூன்று கிழமை. நான்கு தடவை வைத்து நான்கு தடவையும் தொடவில்லை. மரினாவுக்குத் தொலைபேசி எடுத்தோம். அவளுடைய வீட்டில் மூன்று முறை சாப்பிட்டதாம். நிறை என்ன என்று கேட்டாள். என் சமையலறைத் தராசு மாவுக்கும் சீனிக்கும் உரியது. அதில் வைத்தால் டிசம்பரில் நத்தாருக்கு றிச் கேக் கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

எட்வேட் ஈஸ்ற்ஹாமில் தெரிந்த நகைக்கடைக்காரரிடம் போய்த் தங்கம் நிறுக்கும் தராசு ஒன்றை வாங்கி வந்தார். என்ன நகை, மகளுக்கா என்று கடைக்காரர் கேட்டிருக்கிறார். சும்மா சொல்லக்கூடாது, துல்லியமான தராசு. 8.1 கிராம். ஒரு தங்கப் பவுண் எட்டுக் கிராம் என்பது எங்கள் பெண்களுக்குப் பிறப்பிலேயே தெரியும். ஆக, ஒரு பவுணுக்கு மேல் ஒரு துளி.

மறுபடியும் மரினாவுக்கு எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்; வரும்போது ஒன்பதுக்கு மேல் இருந்ததாம். ஏழுக்குக் கீழே போனால் உடனே தன்னிடம் கொண்டுவரச் சொன்னாள் மரினா. அதற்குப் பிறகு தானாகச் சாப்பிடாது. தொண்டைக்குள் குழாய் வைத்துத் தானே ஊட்டிப் பார்ப்பாளாம். பிழைத்தால் தன்னோடேயே வைத்திருப்பாள். பிழைக்காததையும் பார்த்திருக்கிறாளாம். இதைச் சொல்லும்போது அவள் குரல் மிகவும் கனிவாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

வீட்டில் ஏதாவது மாறினதா என்று கேட்டாள். இவர் யோசித்து, ஒன்றும் இல்லை என்றார். அந்த நேரம் நான் அடுத்த அறையில் கறித்தூளுக்கு மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் இருமிக்கொண்டே தொலைபேசியை வைத்தோம். பாம்பு நாக்கால்தான் மணக்கும் என்று இருபத்திரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. அதை இவரிடம் சொல்லவில்லை. தூளை மட்டும் இனிமேல் கடையில் வாங்குகிறேன்.

ஒக்டோபர் 1, புதன்

செபமாலை மாதம் தொடங்கிவிட்டது. எங்கள் பங்குக் கோயிலின் தமிழ்க் குடும்பங்களுக்கு மாதா சுரூபம் வீடு வீடாக வரும். ஒவ்வொரு வீட்டிலும் ஒன்பது நாள். மாலையில் எல்லோரும் கூடிச் செபமாலை, பிரார்த்தனை, பாட்டு, பிறகு றோல்ஸ், தேநீர். பட்டியலைத் தட்டச்சு செய்து ஒட்டுவது நான்தான். பதினொரு வருடமாக.

ஒக்டோபர் 12 – 20: எட்வேட், இம்மாகுலேற்.

ஜூலையில் தட்டச்சு செய்தேன். அப்போது வீட்டில் பாம்பு இல்லை.

ஒக்டோபர் 4, சனி

7.7. பவுணுக்குக் கீழே இறங்கிவிட்டது.

அவர் பாம்போடு கதைக்கிறார். நான் சமையலறையில் நின்று கேட்டேன். “கொஞ்சம் சாப்பிட்டுப் பாரன். பிடிக்காட்டி விடு. ஒரு வாய்.” துசியந்திக்கு மூன்று வயதில் இதே வார்த்தைகள். அவளும் சாப்பிடவில்லை.

ஒக்டோபர் 8, புதன்

இன்று பெர்னடெற் அக்கா வந்தார். செபக்கூட்டத்தின் தலைவி. அவர் வரும்போது கதவைத் தட்டுவதில்லை. பெயர் சொல்லிக்கொண்டே உள்ளே வருவார். மாதாவை எங்கே வைப்பது என்று இடம் பார்க்க வந்தார். நான் வாசலிலேயே மறித்து, முன் அறையில் பெயின்ற் அடிக்கிறோம் என்று சொல்லிவிட்டேன். மணக்கேல்லையே என்றார். மணமில்லாத பெயின்ற், இப்ப வருது என்றேன். ஐம்பத்தொன்பது வயதில், செபமாலை மாதத்தில்.

பாம்பைப் பார்த்துப் போன நான்கு குடும்பமும் ஆங்கிலப் பூசைக்காரர்கள். தமிழ்ச் செபக்கூட்டத்துக்கு இன்னும் செய்தி எட்டவில்லை. எட்டினால் என்ன நடக்கும்? பெர்னடெற் அக்கா கெட்டவர் இல்லை. ஆனால் மூன்று வருடத்துக்கு முன் ஒருவர் வீட்டில் சிரிக்கும் புத்தர் பொம்மை இருந்ததற்கு மாதாவை வாசலோடு திருப்பிக் கொண்டுபோனவர்.

இரவுச் சாப்பாட்டின்போது எட்வேட் சொன்னார், சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு:

“மரினாட்டைக் குடுத்திடுவம். எப்பிடியும் அது சாப்பிடப்போறதில்லை. உமக்கும் கரைச்சல்.”

சாப்பிட்டு முடித்தார். கை கழுவினார். தொட்டிக்கு முன்னால் இருந்த கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பழையபடி ஜன்னலடியில் வைத்து, தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

என்ன மனுசன் இது. பாம்பு வேணுமெண்டு நான் கேட்டனானோ? அது சாப்பிட்டா என்ன, விட்டா என்ன எனக்கு? ஆனா அந்தக் கதிரை — ஜூனில இருந்து ரண்டு மாசம் அந்தக் கதிரையில இருந்து போற வாற பஸ்ஸை எண்ணினவர். எத்தினை நிமிசம் பிந்தி எண்டு தனக்குத்தானே சொல்லுவார். நான் வேலையால வரேக்கை தேத்தண்ணி ஆறிப்போய் அப்பிடியே இருக்கும். திரும்பவும் அதைப் பாக்க என்னால ஏலாது. பாம்பு மரினா வீட்டை போனா இவர் அந்தக் கதிரைக்குத்தான் போவார், அங்கையிருந்து எழும்பமாட்டார். மாதாவே, உமக்கு இது விளங்கும். உம்மட கூட்டத்துக்குத்தான் விளங்காது.

ஒக்டோபர் 9, வியாழன்

நேற்று எழுதியதைப் படித்தேன். எழுத்துப்பிழை நிறைய. விட்டுவிட்டேன்.

ஒரு யோசனை.

ஒக்டோபர் 11, சனி

மாடியில், குளியலறைக்குப் பக்கத்தில், சுடுநீர்ச் சிலிண்டர் இருக்கும் ஒடுக்கமான அலுமாரி. சிலிண்டருக்கு மேலே பலகைத் தட்டு. ஈரத் துவாய்களை அங்கே போட்டால் காலையில் காய்ந்திருக்கும். வீட்டிலேயே இருட்டும் இளஞ்சூடும் உள்ள ஒரே இடம். விருந்தாளிகள் யாரும் திறக்காத கதவும் அது ஒன்றுதான்.

எட்வேட்டிடம் சொன்னேன். அவர் கதிரையிலிருந்து எழும்பினார். அதற்காகவே சொன்னேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

பாம்பு வந்த அதே சின்னப் பெட்டி. அடியில் கிச்சன் ரிஸு, ஒரு மூலையில் தண்ணீர், ஒளிய ஒரு ரொயிலற் பேப்பர் குழாய். துவாய்களுக்கு நடுவில் வைத்துக் கதவைச் சாத்தினோம். உள்ளே வெப்பமானி இருபத்தெட்டு காட்டியது. போகும் முன் நிறுத்தார்: 7.3. மாதா போகும்வரை பார்ப்போம், அதற்குப் பிறகு மரினா என்று முடிவு.

மிச்சம் நாலடித் தொட்டி. இருவர் தூக்கினாலும் அசையாது. அதற்குள் இருந்த மரப்பட்டை, கிளை எல்லாவற்றையும் எடுத்தோம். மேலே பலகை வைத்து, துசியந்தியின் முதல்நன்மை விழாவுக்கு வாங்கிய வெள்ளைச் சரிகைத் துணியைத் தரைவரை தொங்கவிட்டேன். இரண்டு பக்கமும் மெழுகுதிரி.

எட்வேட் தள்ளி நின்று பார்த்தார். “பீடம் மாதிரியே கிடக்கு,” என்றார். பயந்த குரலில்.

ஒக்டோபர் 12, ஞாயிறு

முப்பத்தொரு பேர். மாதாவைப் பெர்னடெற் அக்காவே தூக்கி வந்து தொட்டியின் மேல் வைத்தார். பின்னுக்கு நகர்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“இவ்வளவு வருஷத்திலை இப்பிடி ஒரு உயரமான பீடம் நான் ஒருதற்றை வீட்டிலையும் காணேல்லை, இம்மா. உனக்கு நல்ல மனசு.”

எட்வேட் சமையலறைக்குப் போய்த் தேநீர் ஊற்றத் தொடங்கினார். இன்னும் செபமே ஆரம்பிக்கவில்லை.

ஒக்டோபர் 13, திங்கள்

பெயின்ற் நன்றாக வந்திருக்கிறதாம். பெர்னடெற் அக்கா.

ஒக்டோபர் 14, செவ்வாய்

பகலிலும் ஆட்கள் வருகிறார்கள். மாதாவுக்கு முன்னால் சும்மா இருந்துவிட்டுப் போக. தலைவி ஒழுங்கு செய்திருக்கிறார், இரண்டு இரண்டு பேராக. எட்வேட் மாடிப்பக்கம் போகவே பயப்படுகிறார். போனால் யாராவது பின்னால் வருவார்களாம். ஆக மூன்று நாளாகப் பாம்பை ஒருவரும் பார்க்கவில்லை. தட்டவில்லை. கதைக்கவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் இந்தச் சலுகை இதற்கு முன் எந்த உயிருக்கும் கிடைத்ததில்லை.

ஒக்டோபர் 16, வியாழன்

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

மாலை ஆறு மணிக்கு, ஆட்கள் வருமுன், குளிக்கப் போவதுபோல மேலே போய் ஒரு எலிக்குஞ்சை அந்தக் குழாயின் வாசலில் வைத்தேன். இடுக்கி ஆட்டம் ஒன்றும் இல்லை. எனக்கு அதற்கு நேரமும் இல்லை. றோல்ஸ் பொரிக்க வேண்டும். பெட்டியை மூடி, கதவைச் சாத்தி, கீழே வந்துவிட்டேன்.

ஏழரைக்குச் செபமாலையின் ஐந்து காரணிக்கங்களில் நாலாவது போய்க்கொண்டிருந்தது. இருக்க இடமில்லாமல் இரண்டு பேர் நின்றார்கள். தலையணை எடுத்து வருகிறேன் என்று மேலே ஏறினேன். அலுமாரியைத் திறந்தேன். பெட்டி மூடியைக் கொஞ்சம் தூக்கினேன்.

எலிக்குஞ்சு இல்லை.

முதலில் தவறி விழுந்திருக்கும் என்று நினைத்து ரிஸுவைக் கிளப்பிப் பார்த்தேன். பிறகுதான் பாம்பைப் பார்த்தேன். குழாய்க்குள் பாதி, வெளியே பாதி. கழுத்துக்குக் கீழே ஒரு வீக்கம், மணிமாலையில் ஒரு மணி மட்டும் பெரிதாக இருப்பதுபோல. நாக்கை ஒருதரம் நீட்டிவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டது. என்னைப் பொருட்படுத்தவில்லை.

துவாய்க்குள் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஒரு பாம்புக்காக.

கீழே வந்தபோது பிரார்த்தனை தொடங்கிவிட்டது. எட்வேட் முன்வரிசையில் முழங்காலில். முழங்கால் நோகும், ஆனாலும். எப்படிச் சொல்வது? பக்கத்தில் போய் முழந்தாளிட்டு, தலையணையை அவருக்குக் கீழே தள்ளுவதுபோல் குனிந்து, “சாப்பிட்டிட்டுது,” என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” அவர் வாயிலிருந்து வரவில்லை. அதற்கடுத்தது வந்தது, முப்பது பேரின் குரலுக்கும் மேலாக, டிப்போவில் ஆளைக் கூப்பிடுவதுபோல. பெர்னடெற் அக்கா திரும்பிப் பார்த்தார். கண்ணில் நீரோடு முழங்காலில் நிற்கும் எட்வேட்டைக் கண்டார். என்னைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினார், இவ்வளவு பக்தியை நான் மறைத்து வைத்திருந்தேன் என்பதுபோல.

மிகவும் சரி. ஒன்றை மறைத்துத்தான் வைத்திருந்தேன்.

ஒக்டோபர் 21, செவ்வாய்

மாதா நேற்று அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். பாம்பை மறுபடியும் முன் அறைக்குக் கொண்டுவருவதா என்று எட்வேட் மரினாவிடம் கேட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன். அவள் பதிலுக்கு, எவ்வளவு பெரிய தொட்டி என்றாள். நாலடி என்றார். எங்கே வைத்திருந்தாய் என்றாள். சொன்னார். எத்தனை பேர் வந்து பார்த்தார்கள்? அதையும் சொன்னார், சிறிது பெருமையோடு.

இவ்வளவு சின்னக் குஞ்சை அவ்வளவு பெரிய கண்ணாடிக்குள் வைத்தால், சனம் நிறைந்த சந்தியில் நிற்பதுபோல அதற்கு இருக்குமாம். இருட்டும் ஒடுக்கமும்தான் அதற்குப் பாதுகாப்பு. பார்க்கக்கூட வேண்டாம், வைத்துவிட்டுப் போய்விடு என்றாள். ஒரு வருடத்துக்குப் பிறகு தொட்டியைப் பற்றி யோசிக்கலாம்.

தொலைபேசியை வைத்துவிட்டு எட்வேட் என்னைப் பார்த்தார். “நாங்கள் மரியாதை செய்து கொல்லப் பாத்திருக்கிறம்,” என்றார்.

ஒக்டோபர் 22, புதன்

இரண்டாவது குஞ்சும் போய்விட்டது.

ஒக்டோபர் 30, வியாழன்

9.2. நேற்று முன்தினம் மூன்றாவது. துவாய்களைப் படுக்கையறைக் கதிரைக்கு மாற்றிவிட்டேன். ஈரமாகவே இருக்கின்றன.

நவம்பர் 6, வியாழன்

பங்கின் பூசைக் கருத்துகளை, அதாவது யார் எதற்காகப் பூசை கேட்டார்கள் என்பதை, தட்டச்சு செய்ய இன்று மின்னஞ்சல் வந்தது. இறந்தவர்களுக்கான ஆன்ம இளைப்பாற்றிகள் ஏழு. சோதனையில் சித்தியடைய இரண்டு. வீடு வாங்க ஒன்று. பதினோராவது வரியில் என் கை நின்றது.

நன்றிப் பூசை: பெற்றுக்கொண்ட ஒரு நன்மைக்காக – எட்வேட் குடும்பம்.

அவர் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தட்டச்சு செய்து அனுப்பினேன். “ஒரு” என்பதை மட்டும் எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். விட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

பூசை முடிந்து வாசலில் ஏழு பேர் என் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள். துசியந்தி பிள்ளைத்தாய்ச்சி என்று ஒரு பகுதி. துசியந்திக்குக் கல்யாணம் பொருந்திவிட்டது என்று இன்னொரு பகுதி. இரண்டும் ஒன்றாக இருக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை, நல்ல சனம்.

பெர்னடெற் அக்கா கடைசியில் வந்தார்.

“என்ன, பிள்ளைக்கு ஏதும் விசேஷமோ, இம்மா?”

இல்லை அக்கா என்றேன். அவர் நகரவில்லை. பெயின்ற் போன்ற ஒன்றை மனதுக்குள் தேடிக்கொண்டிருந்தேன். எட்வேட் முந்திவிட்டார்.

“வீட்டிலை ஒரு பாம்பு வளக்கிறன், அக்கா. சின்னன். அஞ்சாறு கிழமையாச் சாப்பிடாமல் கிடந்தது. இப்ப சாப்பிடுது.”

வாசலில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எங்கள் பக்கம் திரும்பினார்கள். பெர்னடெற் அக்கா அவரைப் பார்த்தார், பிறகு என்னை.

“மாதா வந்து நிண்ட நேரம் அது எங்கை நிண்டது?”

“மேலை, துவாய் அலுமாரிக்குள்ளை,” என்றேன். சொல்லிவிட்டால் போயிற்று.

“எப்ப சாப்பிட்டது?”

“அஞ்சாம் நாள். செபமாலை நேரம்.”

தலைவி வானத்தைப் பார்த்தார். நவம்பர் வானத்தில் பார்க்க ஒன்றும் இல்லை. நான் அடுத்த வருடப் பட்டியலில் எங்கள் பெயர் இல்லாததை மனதில் தட்டச்சு செய்து முடித்திருந்தேன்.

“அப்ப நாங்கள் செபிச்சதிலைதான்,” என்றார் பெர்னடெற் அக்கா.

மாலைக்குள் முழுப் பங்குக்கும் தெரிந்துவிட்டது. மூன்று பேர் தொலைபேசி எடுத்து, வந்து பார்க்கலாமா என்று கேட்டார்கள். எட்வேட் ஏலாது என்று சொல்லிவிட்டார். என் திருமண வாழ்க்கையில் இவர் ஒரு விருந்தாளியிடம் வரவேண்டாம் என்று சொன்னது இதுதான் முதல் தடவை. மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறை நன்றாக வந்தது.

நவம்பர் 14, வெள்ளி

10.4.

நவம்பர் 18, செவ்வாய்

பொயிலர்காரர் காலை ஒன்பதுக்கு வந்தார். பழைய சிலிண்டரை எடுத்துவிட்டு, வேண்டிய நேரம் உடனே நீரைச் சுடவைக்கும் புதிய கொம்பி பொயிலர் போடுவது பற்றி. மூன்று வருடமாக நான் எட்வேட்டிடம் கேட்டு, மூன்று வருடமாக அவர் “பாப்பம்” என்று சொல்லி, கோடையில் நானே பதிவு செய்தது. முதலாம் ஆள் குளித்தால் இரண்டாம் ஆளுக்குச் சுடுநீர் முடிந்துவிடுகிற வீடு இது. அவருக்கு விடியற்புறம் ஷிப்ட் என்பதால் இருபத்தெட்டு வருடமாக இரண்டாம் ஆள் நான்.

அலுமாரிக் கதவைக் கொஞ்சம் திறந்து, சத்தம் போடாமல் அளக்கச் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. வீடுகளுக்குள் போய் வருகிறவர். இரண்டு நாள் வேலை, சிலிண்டர் போனால் நல்ல இடம் கிடைக்கும் என்றார்.

“அதுக்குப் பிறகும் இந்த அலுமாரி சூடாக இருக்குமா?” என்று கேட்டேன்.

இராதாம். மற்ற அலுமாரிகள் மாதிரித்தான்.

பாம்புக்குச் சின்ன வெப்பத் தட்டு ஒன்று வைத்தால் போதும். எனக்குத் தெரியும், நாற்பத்தோராம் பக்கம். இருந்தாலும் அடுத்த கோடைக்குப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன். அவர் தன் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு போனார்.

எட்வேட் படியடியில் நின்றிருக்கிறார்.

“இஞ்சருமப்பா, மூண்டு வருஷமா நீர்தானே கேட்டுக்கொண்டிருந்தனீர்?”

“குளிர் காலத்திலை மாத்தக்கூடாதாம்.”

“ஆர் சொன்னது?”

“புத்தகத்திலை கிடக்கு.”

அவர் அந்தப் புத்தகத்தை என்னைவிட அதிகம் படித்திருக்கிறார்.

மாலையில் நான் வேலையால் வந்தபோது குளியலறை லைற் எரிந்துகொண்டிருந்தது. அவர் வெளியே, தோளில் காய்ந்த துவாயோடு, படியில் உட்கார்ந்திருந்தார். என்னை முதலில் குளிக்கச் சொன்னார்.